மலை மேல் கடல் களிமண்

அத்தியாயம் 5

"குழிக்குள்ள என்ன தெரியுது?" மேலேயிருந்து வெர்னா கேட்டாள்.

"என் எதிர்காலம்," என்றான் டூயி. "சாம்பல் கலர்ல, கொழகொழன்னு இருக்கு."

டூயி கான்யன் நின்றிருந்தது நெஞ்சளவு ஆழமுள்ள ஒரு குழிக்குள். மே மாதத்துக் கருப்பு ஈக்கள் காதுக்கு ஒரு கூட்டம், மூக்குக்கு ஒரு கூட்டம் என்று தங்களுக்குள் தொகுதிப் பங்கீட்டை முடித்துக்கொண்டு வேலையில் இறங்கியிருந்தன. மேலே வெர்னா ஹாஸ்கெல் முகத்துக்கு வலை போட்ட தொப்பியோடு சௌகரியமாக நின்றாள். அந்த மாதிரித் தொப்பி வண்டியில் ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கு என்பதில் இருவருக்கும் இதுவரை தகராறு வந்ததில்லை, ஏனென்றால் டூயியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

வெர்னா, பெல்டன் ஊரின் குழாய் ஆய்வாளராக நெடுங்காலம் இருந்தவள். யார் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அதனால் ஊரில் எந்தப் பெரிய மனிதரும் அவளிடம் வாலாட்டுவதில்லை. ஒருமுறை ஊர் மன்றத் தலைவரின் ஏரிக்கரை வீட்டிலிருந்து ஒரு குழாய் நேராக ஏரிக்கே போவதைக் கண்டுபிடித்தாள். தலைவர் குழாயை எடுக்கவில்லை, அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தனியார் துப்பறிவாளர். டூயி அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் சிங்கி இறால் பிடிக்கும் படகில் இருந்தான். கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது முதல் நாளே தெரிந்தும் ரோஷத்துக்காக இரண்டு சீசன் வாந்தி எடுத்துக்கொண்டே இறால் பிடித்தவன்.

குழி இருந்த நிலம் ஆர்டெல் லிபியுடையது. அறுபதைத் தொட்ட விதவை, முதியோர் இல்லத்தில் உதவியாளர். கையைக் கட்டிக்கொண்டு, சொந்த நிலத்தையே சந்தேகக் கண்ணோடு பார்த்தபடி நின்றிருந்தாள்.

விஷயம் இதுதான். இந்த மேட்டில் ஊர்ச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போய், அங்கிருந்து நிலத்துக்குள் இறங்க வேண்டும். நிலம் அதைக் குடிக்குமா துப்புமா என்று மண் பரிசோதகர் பார்த்துச் சொல்வார். குடிக்கும் என்றால் பர்மிட். துப்பும் என்றால் அந்த நிலத்தில் பாய் விரித்து நட்சத்திரம் பார்க்கலாம், வீடு கட்ட முடியாது. ஆர்டெல் குடியிருக்கும், சக்கரம் வைத்த தகர வீடுகள் நிற்கும் டிரெய்லர் பேட்டையை யாரோ வாங்கிவிட்டார்கள். இலை உதிர்வதற்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். அவளுக்காகத் தொழிற்சாலை முற்றத்தில் ஒரு சின்ன ரெடிமேட் வீடு கூரை, கதவு, ஜன்னலோடு தயாராக நிற்கிறது. பர்மிட் இல்லாமல் அதை லாரியில் ஏற்ற மாட்டார்கள்.

பரிசோதகர் ராய்ஸ் டிபெட்ஸ் ஏப்ரல் கடைசியில் வந்து மூன்று இடங்களில் கொடி நட்டுவிட்டுப் போனார். மே மாதம் மறுபடி வந்தார். எல்வுட் ஸ்ப்ரேக் தன் பொக்லைனை ஓட்டிவந்து கொடி இருந்த இடங்களில் தோண்டிக் காட்டினார். மூன்றிலும் சாம்பல் களிமண். டிபெட்ஸ் எட்டிப் பார்த்தார், லாயக்கில்லை என்றார், காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். மண் பார்க்க வந்த மனிதர் மண்ணைவிடத் தன் கழுத்தில் உட்கார்ந்த ஈக்களைத்தான் அதிகம் கவனித்தார் என்பது ஆர்டெலின் வாக்குமூலம்.

"என் மாமனார் இங்க உருளைக்கிழங்கு போட்டவரு," என்றாள் ஆர்டெல். "மழை நின்ன கையோட வெறுங்கால்ல நடப்போம், ஒரு பொட்டுச் சேறு ஒட்டாது. இப்ப வந்து களிமண்ணுங்கிறான். நிலம் என்ன, புருஷனா? கல்யாணத்துக்கு அப்புறம் குணம் மாறுறதுக்கு?"

"டூயி, சுவர்ல வேர் இருக்கா?" என்றாள் வெர்னா.

"மேல ஒரு சாண் வரைக்கும் இருக்கு. அதுக்குக் கீழ வழுக்கை."

"கலர்?"

"அதான் சொன்னேனே, சாம்பல்."

"வெறும் சாம்பலா? நடுவுல துரு மாதிரி திட்டு ஏதாவது?"

டூயி ஒரு ஈயைத் துப்பிவிட்டுப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல மேடம். பெயின்ட் அடிச்ச மாதிரி ஒரே கலரு."

"நிஜமாவே தண்ணி நிக்கிற மண்ணுல அப்படி இருக்காது. தண்ணி ஏறி நிக்கிறப்ப மண்ணு வெளுக்கும், இறங்கினா துருப்பிடிக்கும். வருஷக் கணக்கா ஏறி இறங்கி ரெண்டு கலரும் திட்டுத் திட்டா கலந்து கிடக்கும். இந்த மண்ணு அப்படிக் கஷ்டமே பட்டதில்ல."

டூயி நகத்தால் சுவரைச் சுரண்டினான். ஏதோ கீறியது. துடைத்துப் பார்த்தவன் முகம் மாறியது. கட்டைவிரல் நகமளவு ஒரு சிப்பி ஓடு. இரண்டு சீசன் இந்த ஜாதிச் சிப்பிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் வாந்தி எடுத்திருந்தான்.

"மேடம், கடல் சிப்பி. கடல் கீழ எங்கயோ கிடக்கு. இவ்வளவு மேட்டுல ஏறி வர அதுக்கு வேற வேலை இல்லையா?"

"கடலுக்கு வேற வேலை இருக்கு. அது இந்த மேட்டுக்கு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. கரையோரமா தோண்டினா இந்தக் களிமண் கிடைக்கும், சிப்பியோட. ஒரு காலத்துல அங்க கடல் நின்னுச்சு."

"அப்ப இது எப்படி இங்க? நடந்தா?"

"லாரியில," என்றாள் வெர்னா. "ஏறி வா."

டூயி விளிம்புப் புல்லைப் பிடித்து எம்பினான். புல் அவனோடு ஒத்துழைக்காமல், அவனோடு சேர்ந்து கீழே வந்தது. மல்லாந்து விழுந்தவன் கையில் கேக் துண்டு மாதிரி சதுரமாக ஒரு பத்தைப் புல் இருந்தது. அதன் நடுவில் ஒரு புளூபெர்ரிச் செடி, குட்டிக் குட்டி மணிப் பூக்களோடு, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல் ஆடியது.

ஆர்டெல் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டாள். வெர்னா அவனைப் பார்க்கவே இல்லை. முழங்காலிட்டுக் குழியைச் சுற்றியிருந்த புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். குழியின் ஓரத்தில் இன்னும் இரண்டு மூன்றடிக்குச் சதுரம் சதுரமாகத் தையல் ஓடியது. ஒரு பத்தையைத் தூக்கினாள். அடியில் ஒரு சாண் கறுப்பு மேல்மண், அதன் கீழே களிமண். செடியின் காம்பில் ஒரு சாக்கு நார் சிக்கியிருந்தது.

"யாரோ கொடி நட்ட இடமாப் பார்த்து நல்ல மண்ணை அள்ளிட்டு, களிமண்ணை நிரப்பி, மேல்மண்ணைத் தனியா எடுத்து வச்சு அப்படியே மேல போட்டு, புல்லையும் பழையபடி பதிச்சிருக்கான்," என்றாள் வெர்னா. "ஒரு செடி வாடல. எவ்வளவு சுத்தமான வேலை பாரேன்."

"திருடனுக்கு மெடல் கொடுத்துட்டு வரலாமா மேடம்?"

"மூணு குழி," என்றாள் ஆர்டெல். "நான் பகல்ல டியூட்டிக்குப் போயிருப்பேன். ஆனா மெஷின் சத்தம் யாருக்குமா கேட்கல?"

"பக்கத்துல வசந்தம் பூரா மெஷின் சத்தம்தானே?" என்றாள் வெர்னா.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் பிரஸ்டன் ஆஷ்வர்த்தின் கோடைக்கால மாளிகை. அதன் முன்னால் புதிதாக வெட்டிய மீன் குளம் வெயிலில் மினுங்கியது.

"அவன்தான்," என்றாள் ஆர்டெல். "ஊர்க் கூட்டத்துலயே எழுந்து நின்னு சொன்னான், என் வீடு வந்தா அவன் சூரிய அஸ்தமனம் கெட்டுப்போயிடுமாம். எல்வுட் எவ்வளவோ தேவலை. அன்னைக்குக் களிமண்ணைப் பார்த்துட்டு அவரு முகமே செத்துப்போச்சு. சாயங்காலம் ருபார்ப் பை, அந்தப் புளிப்புத் தண்டு வச்ச பலகாரம், சுட்டு எடுத்துட்டு வந்தாரு."

"மறுபடி கேட்டாரா அக்கா?" என்று டூயி கண்ணடித்தான்.

"எதை? கல்யாணத்தையா? மூணு தடவை கேட்டதோட சரி. மூணு தடவையும் சர்ச் ஹால்ல, சனிக்கிழமை பீன்ஸ் விருந்துல, வாய் நிறைய பீன்ஸோட. முதல் தடவை அவரு உப்பு கேட்கிறாருன்னு நினைச்சு எடுத்துக் கொடுத்துட்டேன்." அந்தக் கவலையிலும் ஆர்டெல் சிரித்தாள். டூயியும் சிரித்தான். வெர்னா மட்டும் அந்தச் சாக்கு நாரை விரலில் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

ஆஷ்வர்த் பாஸ்டன்காரர். கிராமத்துக்கு வந்தால் கிராமத்தான் மாதிரி உடுத்த வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். புத்தம் புதுக் கட்டம் போட்ட சட்டை, புத்தம் புது ரப்பர் பூட்ஸ். பூட்ஸில் கடையின் சீட்டு மட்டும்தான் பாக்கி.

"உங்க குளம் ரொம்ப அழகா இருக்கு," என்றாள் வெர்னா.

"தெரியும்," என்றார் ஆஷ்வர்த்.

டூயி குளத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். சாம்பல் களிமண். விரலால் நசுக்கினான். சிப்பி. அவன் மனதுக்குள் ஒரு பேண்டு வாத்தியமே முழங்கியது.

"ஐயா, இந்தக் களிமண் எங்கேருந்து?"

"கடற்கரையிலேருந்து வரவழைச்சது. இந்த மேட்டு மண்ணுல தண்ணி நிக்காதாம். அடியில களிமண் மெழுகினாத்தான் குளம் நிக்கும்னு, குளம் வெட்டின எல்வுட் சொன்னார். ஏன், மண்ணுல எனக்கும் உனக்கும் ஏதாவது வழக்கா?"

"வழக்கு ஆர்டெல் லிபிக்கு," என்றாள் வெர்னா. "இதே களிமண் அவங்க நிலத்துல புதைஞ்சிருக்கு. அவங்க வீடு வர்றது உங்களுக்குப் பிடிக்கலையாமே?"

ஆஷ்வர்த் கோபப்படுவார் என்று டூயி ஆவலோடு காத்திருந்தான். அவர் சிரித்தார்.

"பிடிக்கல. அந்தம்மா துணி காயப்போடுறதைப் பார்த்துக்கிட்டே நான் ஒயின் குடிக்கணுமா? ஆனா அம்மணி, ஒரு வீட்டைத் தடுக்கணும்னா என்கிட்ட ரெண்டு வக்கீல் இருக்காங்க. ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடுறாங்க. அவங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு மண்வெட்டி?"

"ஆள் வச்சுச் செஞ்சிருக்கலாமே," என்றான் டூயி.

"ஆளா? என் குளத்தையே ஒழுங்கா முடிச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கல. அந்தக் கோடியில பாரு, ஒழுகுது. களிமண் பூச்சு அங்க அப்பளம் மாதிரி இருக்கு. கேட்டா எல்வுட், களிமண் காயக் காயச் சுருங்கும், சகஜம்ங்கிறார்."

"அப்படியா சொன்னாரு?" என்றாள் வெர்னா.

"அப்படித்தான் சொன்னார். நல்ல மனுஷன். என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசுற ஒரே உள்ளூர்க்காரர்."

வெர்னா நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பிக்கப் வண்டியில் ஏறியதும் டூயி டோனட் பொட்டலத்தைப் பிரித்தான். வெற்றி கண்ட இடத்தில் டோனட் சாப்பிடுவது அவன் கொள்கை. தோல்வி கண்ட இடத்திலும் அதே கொள்கைதான்.

"கேஸ் முடிஞ்சுது மேடம். களிமண் அவன்கிட்ட. காரணம் அவன்கிட்ட. திமிரும் அவன்கிட்ட."

"திமிர் ஜாஸ்தியா இருந்தா குற்றவாளியா? அப்ப டோனட் கடைக்காரனையும் உள்ள தள்ளணும்."

"வேற யாரு?"

"சிப்பியைப் பார்த்த, அதோட நின்னுட்ட. புல்லைப் பார்த்தியா?"

"புல்லோட சேர்ந்துதான் மேடம் விழுந்தேன். என்னைவிடக் கிட்டத்துல யாரும் பார்த்திருக்க முடியாது."

வெர்னா போனை எடுத்து எல்வுட் ஸ்ப்ரேக்கைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் ஆர்டெல் நிலத்தில் இன்னொரு குழி தோண்டிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். எதுக்கு, எதுக்கு என்று அவர் இரண்டு முறை கேட்டார். அப்புறம் சரி என்று கேட்டது. அடுத்து டிபெட்ஸைக் கூப்பிட்டு, ஈ நுழையாத தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

மறுநாள் காலை எல்வுட் பொக்லைனை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், மீசை, எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போன்ற முகம். டூயி கடலைவிட்டு ஓடிவந்தபோது முதலில் வேலை கொடுத்தவர் அவர்தான். குழி தோண்டவும், பள்ளத்தில் விழாமல் நிற்கவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டான். இரண்டாவது பாடம் சரியாக ஏறவில்லை என்பது நேற்றுத் தெரிந்தது.

டிபெட்ஸ் தலையில் வலைத் தொப்பி, கையில் உறை, கழுத்தில் துண்டு என்று தேன் எடுக்கப் போகிறவர் போல வந்திருந்தார். ஆர்டெல் முதியோர் இல்லத்துச் சீருடையிலேயே நின்றாள்.

"எங்க தோண்டணும்?" என்றார் எல்வுட்.

"கொடியிலேருந்து தள்ளி, அந்தப் பைன் மரத்துக்கிட்ட," என்றாள் வெர்னா.

"அங்க எதுக்கு வெர்னா? அங்கயும் அதேதான் இருக்கும்."

"இருந்தா இருந்துட்டுப் போகுது."

எல்வுட் ஆர்டெலைப் பார்த்தார், பைன் மரத்தைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம், முதுகு வலி என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கொடுத்த வேலையை மறுத்து அவருக்குப் பழக்கமில்லை. மண்வெட்டியை எடுத்தார். புல்லை வேரோடு சதுரம் சதுரமாக வெட்டினார். ஒவ்வொரு பத்தையையும் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, புல்லும் புல்லும் முகம் பார்க்க அடுக்கினார். வண்டியிலிருந்து ஒரு சாக்கை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அடுக்கின் மேல் போர்த்தினார். பிறகு பொக்லைனில் ஏறி, மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை இன்னொரு பக்கம் என்று பிரித்துக் குவித்தார்.

டூயி ஏதோ கிண்டல் சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் சாக்கைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தச் சதுரங்கள், அந்த அடுக்கு, அந்த நார். அவனுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆஷ்வர்த்தாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான்.

குழி இடுப்பளவு இறங்கியது. பழுப்பு மண், பொலபொலவென்று உதிர்ந்தது. வேர்கள் தாராளமாக அடிவரை ஓடியிருந்தன. டிபெட்ஸ் உறையைக் கழற்றி ஒரு பிடி மண்ணை அள்ளி, எச்சில் தொட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளிப் பார்த்தார். களிமண் நாடா போல நீளாமல் அது உடனே உடைந்து விழுந்தது.

"நல்ல மண்ணு," என்றார் டிபெட்ஸ், தன் மாமியார் சமையலைப் பாராட்ட நேர்ந்தவர் போல. "அன்னைக்கு இங்க தோண்டியிருக்கணும்."

"எல்வுட்," என்றாள் வெர்னா, "குளத்துக்கு அடியில, தண்ணிக்குள்ளயே கிடக்குற களிமண்ணு எப்படிக் காயும்? எப்படிச் சுருங்கும்?"

எல்வுட் இயந்திரத்தை நிறுத்தினார். கீழே இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"காயாது," என்றார். "அந்த ஆளு திடீர்னு கேட்டுட்டாரு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்ல வெர்னா."

"என்ன நடக்குது இங்க?" என்றாள் ஆர்டெல்.

"உன் நிலத்துல இருக்குறது ஆஷ்வர்த் குளத்துக்கு வந்த களிமண்ணு," என்றாள் வெர்னா. "ஆனா போட்டது ஆஷ்வர்த் இல்ல. அவன் ஆள் வச்சிருந்தா, மண்ணை இஷ்டத்துக்குக் குவிச்சு, களிமண்ணைக் கொட்டி, மேல நாலு விதையைத் தூவிட்டுப் போயிருப்பாங்க. டிபெட்ஸ்கூடக் கண்டுபிடிச்சிருப்பாரு."

"நான் இங்கதான் நிக்கிறேன்," என்றார் டிபெட்ஸ்.

"தெரியும். இந்த ஊர்ல பள்ளம் தோண்டுற எல்லாரும் மண்ணைக் குவிப்பாங்க. அடுக்குற ஆளு ஒருத்தர்தான். திருட்டு வேலை பார்க்கும்போதும் புளூபெர்ரிச் செடி வாடிடக்கூடாதுன்னு ஈரச் சாக்கு போடுற ஆளும் அந்த ஒருத்தர்தான்."

ஆர்டெல் எல்வுட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ருபார்ப் பை கொண்டுவந்த முகம். கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன முகம்.

"யோவ் எல்வுட்," என்றாள் மெதுவாக. "ஏன்யா?"

எல்வுட் தொப்பியைத் திருகினார். "பேட்டையை மூடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். இங்கயும் வீடு வரலேன்னா நீ எங்கயாவது போய்த்தானே ஆகணும். என் வீட்டு மாடி சும்மாத்தான் கிடக்கு. நாலாவது தடவையா கேட்டா, ஒருவேளை சரின்னு சொல்லுவியோன்னு..."

"அப்ப நாலாவது தடவை கேட்டிருக்க வேண்டியதுதானே! வாயைத் திறக்கத் தைரியம் இல்ல, மூணு குழி களிமண்ணு ரொப்புறதுக்குத் தைரியம் எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"மெஷின்ல ஏறி உட்கார்ந்தா எனக்குத் தைரியம் வந்துடும்," என்றார் எல்வுட் உண்மையாக.

டூயிக்குச் சிரிப்பு முட்டியது. ஆர்டெலின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். அவள் கண்கள் நிறைந்திருந்தன, கோபத்தில்.

"முதல்ல எங்கப்பன் வீடு. அப்புறம் மாமனார் வீடு. அவங்கல்லாம் போனதுக்கப்புறம் எவனோ ஒருத்தன் பேட்டையில ஒரு தகர டப்பா. பகல் பூரா அடுத்தவங்க கட்டிலுக்கு விரிப்பு மாத்துறேன். எனக்குன்னு ஒரு வீடு, நான் சொன்ன இடத்துல ஜன்னல், என் தண்ணி என் மண்ணுலயே போய் இறங்கணும். இவ்வளவுதான் கேட்டேன். அதுல மண்ணை அள்ளிப் போட்டியே, அதுவும் கடல் மண்ணை!" மூச்சு வாங்கினாள். "மூணு தடவை கேட்டியே. மூணு தடவையும் என்ன கேட்ட? என் வீட்டுக்கு வா, என் வீட்டுக்கு வான்னு. உன் வீட்டுக்கு நான் வரட்டுமான்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

எல்வுட் வாயைத் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும் போலிருந்தது.

டிபெட்ஸ் தொண்டையைச் செருமினார். "இது புகார் கொடுக்க வேண்டிய விஷயம். பரிசோதனை இடத்துல மோசடி."

"நீ சும்மா இருய்யா," என்றாள் ஆர்டெல். "குனிஞ்சு ஒரு நிமிஷம் பார்த்திருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காது." பிறகு எல்வுட்டிடம் திரும்பினாள். "மூணு குழியையும் காலி பண்ற. மெஷின் கூடாது. மெஷின்ல உட்கார்ந்தா உனக்குத் தைரியம் வந்துடும். கையால, மண்வெட்டியால. அந்தக் களிமண்ணைத் தள்ளுவண்டியில அள்ளிட்டுப் போய் ஆஷ்வர்த் குளத்துல மெழுகிட்டு, அவர்கிட்ட உண்மையைச் சொல்ற. என் பழைய மண்ணு எங்க?"

"என் கொட்டகையில, தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன்," என்றார் எல்வுட். "மூணு குழிக்கும் தனித்தனியா."

வெர்னா பெருமூச்சு விட்டாள். அவள் அனுபவத்தில் திருடிய பொருளை இப்படிப் பராமரித்த திருடன் யாரும் கிடையாது.

எல்வுட் முதல் குழிக்குள் இறங்கினார். ஈக்கள் பழைய தொகுதிக்குத் திரும்பிய சந்தோஷத்தில் பாய்ந்தன. வெர்னா தன் வலைத் தொப்பியைக் கழற்றினாள். டூயி நன்றியோடு கையை நீட்டினான். தொப்பி அவன் கைக்கு மேலே பறந்து குழிக்குள் போய் விழுந்தது.

டிபெட்ஸ் கார் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, "எத்தனை படுக்கையறை?" என்று கேட்டார்.

"ஒண்ணு," என்றாள் ஆர்டெல்.

"ஒரு அறைன்னா ரெண்டு ஆளுன்னு கணக்கு. சட்டம் அப்படித்தான். அதுக்கேத்த மாதிரிதான் டேங்கு வரும்."

"சட்டம் ரெண்டுன்னே எண்ணட்டும். நான் இப்போதைக்கு ஒண்ணுதான் எண்ணுறேன்."

குழிக்குள் மண்வெட்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் விளிம்புக்கு மேலே வலைத் தொப்பி எழும்பியது. அதற்குள்ளே மீசை முழுக்கக் களிமண்.

"ஆர்டெல்," என்றார் எல்வுட். "உன் வீடு வந்ததுக்கப்புறம்... நான் அங்க வரட்டுமா?"

ஆர்டெல் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கடைசிக் கட்டி வெளிய வரட்டும். அப்புறம் குளிச்சிட்டு வந்து கேளு. வாயில பீன்ஸ் இல்லாம."

தொப்பி உள்ளே போனது. மண்வெட்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.